ஓம் சொல்லாத புகை அண்ணை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால், எந்த இடத்தில் சின்ன 'ர', எந்த இடத்தில் பெரிய 'ற' என்பது இன்றைக்கும் எனக்குத் தீராத வழக்கு. எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆட்கள் திருத்திவிடுவார்கள். கையெழுத்தை யாராலும் திருத்த முடியாது. அந்தக் கையெழுத்தால் ஒரு மலைக்கிராமத்தில் ஒரு நல்ல கார் கள்ளக் கார் ஆகிப்போன கதையும் இதற்குள் வருகிறது.

சுவிற்சர்லாந்தில் ஓடுகிற பழைய டீசல் கார்களில் பாதி, புகை அண்ணையின் வெள்ளைத் துணியில் ஒருமுறையாவது மூக்குச் சிந்தியிருக்கும். மற்றப் பாதி அவரைத் தூரத்தில் கண்டு வேறு வீதியால் திரும்பிப் போயிருக்கும்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளக் கடிதத்தில் அது கடித உறைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்கு நீளம். அதனால் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. லுசேர்ணில் ஏரிக்கரையோரம் ஒரு பெரிய ஹோட்டலில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் சமையலறையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, சட்டி பானை. அவர் நிலவறையில் சலவைப் பகுதி. மேசைத் துணிகளும் நாப்கின்களும் மலை மலையாக அவரிடம் வரும். ஒரு மேசைத் துணியை விரித்துப் பார்த்து, "இதிலை ரெண்டு பேர் இருந்திருக்கினம். மனுசிக்காரி கோவிச்சுக்கொண்டு இடையிலை எழும்பிப் போட்டா" என்பார். மேலே போய் விசாரித்தால் அது சரியாக இருக்கும். கறை படிப்பதில் அவர் அவ்வளவு பெரிய கை.

இப்படிப்பட்ட மனிதர் டீசல் புகைக்கு எப்படிப் போனார் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் வானொலியைத் திறந்தால் டீசல் கார்க் கதைதான். ஒரு பெரிய கம்பனி தன் எஞ்சினுக்குள் ஒரு தந்திரம் வைத்து, பரிசோதனையில் மட்டும் குறைவாகப் புகை விடச் செய்திருந்தது பிடிபட்டுவிட்டது. லட்சக்கணக்கான கார்களைத் திருப்பிக் கூப்பிட்டுத் திருத்தினார்கள். அதற்கு ரீகோல் என்று பெயர். சமையலறையில் எங்களுக்கு அவர் விளக்கியது இப்படி:

"ரெஸ்டிலை நல்ல பிள்ளை. றோட்டிலை காவாலி. வாத்தியார் வந்தாப் புத்தகத்தைத் திறக்கும், போனா மதிலேறிக் குதிக்கும். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. நானும் அப்படித்தான் ஐந்தாம் வகுப்பில் நின்றேன்.

அன்றிலிருந்து கிழிந்த நாப்கின்கள் குப்பைக்குப் போகவில்லை. அவற்றை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிவார். பழைய டீசல் கார் ஒன்று கண்ணில் பட்டால் போதும். சைலன்சர் குழாயில் நாப்கினைச் சுற்றிப் பிடிப்பார். "மூண்டு தரம் அமத்தும்!" என்று கத்துவார். கார்க்காரர் மூன்று தரம் அக்சிலரேற்றரை அமத்துவார். பிறகு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மணப்பார். மூக்கு நுனி கறுப்பாகும். கடைசியில் எஞ்சின் எது, எத்தனையாம் ஆண்டுக் குடும்பம், ரீகோலுக்குப் போய் வந்ததா இல்லையா என்று சொல்வார்.

ஆனால் அவர் வெறும் மந்திரவாதி இல்லை. "துணி சொல்லுறது வதந்தி, தம்பி. ஸ்ரிக்கர் சொல்லுறதுதான் செய்தி" என்பார். துணிக்குப் பிறகு கார்ப் பத்திரத்தை வாங்கி நம்பர்களைப் பார்ப்பார். பிறகு டிக்கியைத் திறந்து, ஸ்பெயார் ரயரைத் தூக்கி, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் எஞ்சின் எழுத்துகளைத் தேடுவார். ரீகோல் செய்திருந்தால் கராஜ்காரர் பக்கத்தில் இன்னொரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டியிருப்பார்கள். கடைசியாகச் சேசிஸ் நம்பரைக் கம்பனியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி உறுதிப்படுத்துவார். அங்கே இருந்த பெண்ணை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் 'எங்கட பிள்ளை' என்றுதான் சொல்வார். நத்தார்ப் பண்டிகைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு பெட்டி பயற்றம் பணியாரம் அனுப்பினார் என்றும் கேள்வி.

அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. காரின் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பக் கூடாது. "அது பெயர்ப்பலகை. கடை உள்ளுக்கை." ஒரே கார், ஒரே நிறம், ஒரே ஆண்டு என்றாலும் உள்ளே எஞ்சின் வேறாக இருக்கலாம். இன்னொரு சட்டம்: "சேசிஸ் நம்பரிலை ஓ எண்ட இங்கிலீஸ் எழுத்து வராது. சைபரோடை குழம்புமெண்டு வெள்ளைக்காரன் அதைத் தூக்கி எறிஞ்சிட்டான். வட்டத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு சைபர் எண்டு வாசி." இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பரிசோதித்த நாப்கின்களை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு தடித்த கறுப்புக் கோப்பில் அடுக்கியிருந்தார். ஒவ்வொரு துணிக்கும் கீழே எஞ்சின் எழுத்து, ஆண்டு, ரீகோல் விபரம். சலவைப் பகுதியில் உடுப்புகளுக்குப் பெயர் எழுதும் அழியாத பேனையால் எழுதியிருப்பார். மற்றவர்கள் கல்யாண அல்பம் காட்டுவது போல அதை மடியில் வைத்து விரித்துக் காட்டுவார். "இது ஒரு பல் டொக்ரரின்ரை கார். பாரும், என்ன ஒழுங்கான கறுப்பு!"

ஒருமுறை அட்லிஸ்வில் முருகன் கோயில் திருவிழாவில் பெரிய கூத்து நடந்தது. பூசை முடிந்து கார்கள் புறப்படும் நேரம். அண்ணை வேட்டியோடு வரிசையாகப் போய், ஒவ்வொரு குழாயிலும் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த ஒரு அம்மா, கோயிலில் புதிதாக வாகனத்துக்கு நாவூறு கழிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். கைக்குழந்தையோடு வந்து நெற்றியை நீட்டினார்.

"பிள்ளைக்கும் கொஞ்சம் வைச்சு விடுங்கோ ஐயா."

அண்ணை துணியை எட்டிப் பார்த்தார். "இது வேண்டாம் அம்மா. இது ரீகோல் செய்யாத சாமான்."

"அப்ப செய்ததிலை வையுங்கோ."

அண்ணை யோசித்தார். பிறகு கோப்பைத் திறந்து, இருப்பதில் சுத்தமான எஞ்சினைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு பொட்டு எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. நானும் அதில் நின்றேன். அந்தப் பெரிய வரிசையில் 'இது புகைக்கரி' என்று வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

துன் நகரில் ஒரு பெண் பார்க்கும் வீட்டில் நடந்தது இதைவிட மோசம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பெரிய கறுப்பு டீசல் காரில் வந்து இறங்கினார்கள். உள்ளே வடையும் தேநீரும் போய்க்கொண்டிருந்தபோது, பெண் வீட்டாருக்கு உறவான எங்கள் அண்ணை வெளியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கறுத்த மூக்கோடு உள்ளே வந்தார். பெண்ணின் தாயின் காதுக்குள், வீடு முழுக்கக் கேட்கும் குரலில் இரகசியம் சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை மறைச்சுப் போட்டினம். கம்பனியிலையிருந்து எத்தினை தரம் கடிதம் வந்திருக்கும். கவனிக்கேல்லை."

தாய் பதறிப்போனார். "ஐயோ, என்ன வருத்தம்?"

"பாக்கத் தெரியாது. ரெஸ்டிலை நல்லா நடிக்கும். றோட்டிலை இறங்கினாத்தான் குணம் தெரியும்."

மாப்பிள்ளையின் தாய் வடையைக் கீழே வைத்தார். "ஆற்றை குணத்தைப் பற்றிக் கதைக்கிறியள்? என்ரை பிள்ளையிலை என்ன குறை?"

"பிள்ளையை ஆர் சொன்னது அக்கா? பிள்ளைக்கு ரீகோல் இல்லை. எஞ்சினுக்குத்தான்."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முதல் நாள் கராஜுக்குப் போய் ரீகோலை முடித்து, ஸ்ரிக்கரைப் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினான்.

இவ்வளவும் செய்கிற மனிதருக்குச் சொந்தமாகக் கார் இல்லை. லைசென்சும் இல்லை. எழுத்துப் பரீட்சைக்கு ஒருமுறை போயிருக்கிறார். "கேள்வி பிழை" என்று எழுதிவைத்துவிட்டு வந்துவிட்டார். எங்கே போனாலும் ரயில்தான், பஸ்தான்.

அவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. எந்தக் காருக்கும் அவர் ஓம், அதாவது சரி, என்று சொன்னதில்லை. "வேண்டாம்" என்பார். அல்லது பேசாமல் இருப்பார். பேசாமல் இருந்தால் வாங்கலாம் என்று நாங்களே விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னா, பிறகு அந்தக் காருக்கு நான்தான் தேப்பன். மழையிலை நிண்டாலும் எனக்கெல்லே தடிமன் பிடிக்கும்?"

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருடங்களுக்கு முந்திய கதை.

என் மனைவி ராணி பல வருடங்கள் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கினாள். முதுகு கெட்டுப்போனது. பிறகு டொச், அதாவது ஜெர்மன் மொழி, படித்தாள், பராமரிப்பு வேலைக்கான வகுப்புக்குப் போனாள், நாலாம் முறையில் கார் லைசென்சும் எடுத்தாள். லுசேர்ணுக்கு மேலே மலைக்கிராமங்களில் தனியாக இருக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: முதலாம் திகதி சொந்தக் காரோடு வரவேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. அந்த மலையில் பஸ் பாதி வழியோடு திரும்பிவிடும்.

"முதலாம் திகதி வாசலிலை கார் நிக்கும்" என்று நான் சொன்னேன்.

ராணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களோ சொல்லுறியள்?"

"ஓம்."

நான் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. கொடுத்தால் அதைப்பற்றி யாராவது கேட்பார்கள், பதில் சொல்லவேண்டி வரும். அன்றைக்கு எப்படியோ வாயில் வந்துவிட்டது.

எங்களுக்குக் கட்டுப்படியாகிற கார்கள் எல்லாம் அந்தக் கம்பனியின் பழைய டீசல்கள். ஊரெல்லாம் அவற்றை விற்றுக்கொண்டிருந்தது. ரீகோல் செய்யாத காரை எடுத்தால் அது கராஜில் முறை வரும்வரை காத்து நிற்கும், ராணியின் வேலை காத்து நிற்காது. ஆகவே புகை அண்ணை. எங்கள் இருவருக்கும் செவ்வாய்க்கிழமை லீவு. மூன்று செவ்வாய்க்கிழமை அலைந்தோம். ஒரு கார் "சிரிக்குது" என்று வேண்டாம் என்றார். ஒன்றின் கால்மிதி புதிதாக இருந்தது. "எதையோ மறைக்குது." இன்னொன்றில் ஒரு குறையும் இல்லை. "அதுதான் பயமாக் கிடக்கு."

மாதத்தின் கடைசிச் செவ்வாய் வந்தது. முதலாம் திகதிக்கு மூன்று நாள். ஒரு மலைக்கிராமத்தில் ஒரு பெரியவர் தன் சாம்பல் நிறக் காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். விளக்குமாறு போல மீசை, வெள்ளாட்டுக் குரல். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கார் நின்றது. அதைத் தானே புதிதாக வாங்கி இத்தனை வருடம் ஓட்டினாராம்.

அண்ணை துணியைப் பிடித்தார். பெரியவர் மூன்று தரம் அமத்தினார். அண்ணை பார்த்தார், மணந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருப்பது நல்ல சகுனம்.

"தம்பி, ஸ்ரிக்கரிலை இருக்கிற சேசிஸ் நம்பரை நான் வாசிக்கிறன். நீர் எழுதும்."

கோப்பை டிக்கியின் ஒரு பக்கத்தில் வைத்தார். ஸ்பெயார் ரயரைத் தூக்கினார். அந்தப் பள்ளத்துக்குள் தலையைக் கவிழ்த்தார். வெளியே இரண்டு கால்களும் வேட்டைக்காரன் தொங்கவிட்ட கொக்கு மாதிரித் தெரிந்தன. உள்ளே வைக்கோல் தூசி. அவர் தும்மித் தும்மி வாசித்தார். நான் பேப்பரைத் தொடையில் வைத்து எழுதினேன். கடைசி எழுத்துகளுக்கு வந்தபோது மாடுகள் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு பக்கத்தால் போயின.

"ஏழு!" என்றார் அண்ணை.

மணிச் சத்தத்தில் சந்தேகம் வந்தது. "ஏழோ அண்ணை?"

"ஓ!"

சரி, ஏழு இல்லை, ஓ என்று திருத்துகிறார் என நினைத்தேன். எழுதிய ஏழை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பெரிய வட்டமாக ஆங்கில ஓ போட்டேன்.

அண்ணை வெளியே வந்தார், மூக்கைத் துடைத்தார், பேப்பரை வாங்கிக்கொண்டு 'எங்கட பிள்ளை'யைக் கூப்பிட்டார். வட்டத்தைக் கண்டதும் தன் சட்டப்படி "நுல்" என்று வாசித்தார். டொச்சில் சைபர். மறுபக்கத்தில் ஏதோ சொன்னார்கள். அண்ணையின் முகம் மாறியது.

"தம்பி, இந்தக் கார் என்ன நிறம்?"

"சாம்பல் அண்ணை."

"வடிவாப் பாரும்."

"வடிவாச் சாம்பல்தான் அண்ணை."

"சிவப்பாம். பெற்றோலாம். டீசல் ரீகோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம்." தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். "நம்பர் கள்ளம். உங்கை பாரும், மீசையை. நான் வரேக்கையே நினைச்சனான்."

நான் தடுப்பதற்குள் அண்ணை பெரியவருக்கு முன்னால் போய் நின்று, விரலை நீட்டி, தன் முழு டொச்சையும் திரட்டிச் சொன்னார்: "டாஸ் ஔட்டோ இஸ்ட் நிக்ட் டாஸ் ஔட்டோ!" அதாவது, இந்தக் கார் இந்தக் கார் இல்லை.

பெரியவர் காரைப் பார்த்தார். தன்னைப் பார்த்தார். மீசை இரண்டு பக்கமும் எழும்பியது. டிக்கியை அறைந்து சாத்தினார். காரைக் கொட்டிலுக்குள் விட்டார். கதவைப் பூட்டினார். "அடே!" என்றார். சுவிஸில் 'அடே' என்றால் போய் வாருங்கள் என்று அர்த்தம். அவர் சொன்ன விதத்தில் அது எங்கள் 'அடேய்' போலவே இருந்தது.

பஸ் வர ஐம்பது நிமிடம். பஸ் தரிப்பில் மரவாங்கில் இருவரும் உட்கார்ந்தோம். அப்போதுதான் அண்ணை தன் இரண்டு கைகளையும் பார்த்தார். வெறும் கை. கோப்பு டிக்கிக்குள் அகப்பட்டுவிட்டது. கோபமெல்லாம் இறங்கி, மனிதர் பாதியாகச் சுருங்கிப்போனார்.

"என்ரை துணியளெல்லாம் அதுக்கைதான் தம்பி. பல் டொக்ரரும் அதுக்கைதான்."

அவருடைய கோப்புப் போய்விட்டது, ராணியின் கார் போய்விட்டது. மூன்று நாளில் வாசலில் என்ன நிற்கும்? நான்தான் நிற்பேன். என்ன செய்வது என்று தெரியாமல் கையிலிருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, கடைசிப் பக்கம் ஒரு ஓ சொன்னியளெல்லே?"

"சேசிஸ் நம்பரிலை ஓ வராது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"இல்லை அண்ணை, சொன்னியள். மாடு போகேக்கை."

"மாடு போகேக்கை நான் ஏழெண்டனான்."

"நான் ஏழோ எண்டு கேட்டனான்."

"நான் ஓ எண்டனான்."

"அதைத்தான் எழுதினனான்."

அண்ணை பேப்பரை வாங்கினார். வெட்டிய ஏழைப் பார்த்தார். அதன்மேல் உட்கார்ந்திருந்த வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அரைவாசிச் சுவிற்சர்லாந்து அந்த மலையிலிருந்து தெரிந்தது. அதையும் ஒருமுறை பார்த்தார்.

"ஐசே, நான் வாழ்க்கையிலை ஒருக்காத்தான் ஒரு காருக்குப் பக்கத்திலை நிண்டு ஓமெண்டு சொல்ல ஓ எண்டிருக்கிறன். அதையும் நீர் சைபராக்கிப் போட்டீர்."

"சைபராக்கினது நீங்கள் அண்ணை. நான் ஓ எண்டுதான் எழுதினன்."

அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் எழும்பி வேட்டைக்குப் போகிறவர் மாதிரிக் கால்சட்டையை இழுத்து விட்டார். "வாரும், போய்க் கதைப்பம்."

"வேண்டாம் அண்ணை. நீங்கள் இருங்கோ. நான் போறன்."

எப்படிப் போனேன் என்று தெரியாது. கால் தானாகப் போனது. டொச்சில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் 'யா', அதாவது ஓம், ஒன்றுதான். எதைக் கேட்டாலும் அதைச் சொல்லி இருபது வருடம் தப்பியிருக்கிறேன். அன்றைக்கு அது உதவாது. கதவைத் தட்டினேன். மீசை வந்தது. நான் பேப்பரை நீட்டினேன். ஏழைக் காட்டினேன். என்னைக் காட்டி, "நான் கேட்டது, ஏழு?" என்றேன். பஸ் தரிப்பைக் காட்டி, "அவர் சொன்னது, ஓ" என்றேன். "எங்கள் பாஷையில் ஓ என்றால் யா. நான் பள்ளிக்கூடம் கொஞ்சம்தான். என் பிழை. கார் நல்ல கார். மன்னியுங்கள். என் மனைவிக்கு முதலாம் திகதி வேலை." இவ்வளவும் உடைந்த டொச்சில். சொல்லி முடிக்கும்போது சட்டை நனைந்துவிட்டது.

பெரியவர் பேப்பரை வெகுநேரம் பார்த்தார்.

"ஓ?" என்றார்.

"ஓ" என்றேன்.

மீசை மெல்ல ஆடியது. பிறகு வயிறு ஆடியது. வெள்ளாட்டுக் குரலில் அவர் சிரித்ததற்கு மாடுகள் திரும்பிப் பார்த்தன. "நாங்கள் இங்கே 'யோ' என்போம்" என்றார். உண்மைதான். லுசேர்ண் மலைக்காரருக்கு யா இல்லை, யோதான். இத்தனை வருடம் காதில் விழுந்தும் நான் கவனிக்கவில்லை.

அண்ணையைக் கூப்பிட்டு வந்தேன். அவர் ஏரியைப் பார்க்கிற சாட்டில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார். இந்த முறை மூன்று பேரும் டிக்கிக்குள் தலையை விட்டோம். பெரியவர் விரல் வைத்து வாசித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் அண்ணை "ஓ?" என்றார். பெரியவர் "யோ!" என்றார். நான் எழுதினேன். தொலைபேசியில் 'எங்கட பிள்ளை' சொன்னாள்: சாம்பல், டீசல், அந்த எஞ்சின்தான், ரீகோல் செய்து முடிந்தது. அண்ணை நாப்கின் நுனியை எச்சிலில் தொட்டு, வைக்கோல் தூசியைத் துடைத்தார். கீழே அந்தச் சின்ன ஸ்ரிக்கர், பிறந்த குழந்தை மாதிரிக் கண் திறந்தது.

"அண்ணை, எடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

அவர் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "முன் ரயர் ரெண்டும் மாத்தவேணும்" என்றார். அவ்வளவுதான். "நீர் போய்ப் பத்திரத்தை எழுதும். நான் ரயரைத் திருப்பி வைச்சிட்டு வாறன்."

முதலாம் திகதி வாசலில் கார் நின்றது. ராணி அதைச் சுற்றி வந்து, என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு ஏறிப் போனாள். எட்டுக் குளிர்காலம் அந்தக் கார் மலை ஏறியது. சத்தத்தை வைத்தே முதியவர்கள் கதவைத் திறந்துவிடுவார்களாம்.

போன மாதம் ராணி மின்சாரக் கார் எடுத்தாள். புகை அண்ணை இப்போது வேலையிலிருந்து ஓய்வு. மகளோடு அட்லிஸ்வில்லில் இருக்கிறார். கேள்விப்பட்டு ரயில் ஏறி வந்துவிட்டார். பையில் நாப்கின். காரின் பின்னால் போய்க் குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். முழங்காலில் நின்று அடியிலும் பார்த்தார்.

"குழாய் எங்கை?"

"இல்லை அண்ணை."

"அப்ப மூச்சை எதாலை விடுது?"

"விடாது அண்ணை."

அவர் துணியை விரித்தார், மறுபடி மடித்தார். எனக்குப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ராணிதான் சமாளித்தாள். "அண்ணை, பின் கண்ணாடியிலை குருவி எச்சம். ஒருக்காத் துடைச்சு விடுங்கோவன்." துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரீகோல் இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர்தான் முதலில் சிரித்தார்.

பழைய காரை வியாழக்கிழமை கொண்டுபோகிறார்கள் என்று நான் டிக்கியைத் துப்புரவாக்கினேன். எட்டு வருடத்தில் ஒருநாளும் அந்த ஸ்பெயார் ரயரைத் தூக்கவேண்டி வரவில்லை. அன்றைக்குத்தான் தூக்கினேன். கம்பனி ஸ்ரிக்கருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணிப் பட்டி ஒட்டியிருந்தது. எங்கள் ஹோட்டல் சலவையில் உடுப்புக்குப் பெயர் தைக்கும் பட்டி. அழியாத பேனையால் எழுதியிருந்தது:

'ஓம். இது எழுத்து. சைபர் இல்லை.'

இதையெல்லாம் பத்திரிகை நம்பாது, அந்தத் துணியையும் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கோ என்கிறாள் ராணி. வேண்டாம் என்றுவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.